சிவகாசியில் மேடு, விருதுநகரில் பள்ளம்

"என் பெண்டாட்டி என் தொழிலை இன்னொருத்தனுக்குக் களவு கொடுக்கா, அண்ணாச்சி. எப்படிக் கொடுக்கான்னு நீங்க கண்டுபிடிக்கணும்."

"கொடுக்காகளா இல்லையான்னு முதல்ல பார்க்க வேண்டாமா?" என்றார் கனகசபாபதி.

"அது எனக்கே தெரியும். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

துப்பறியும் கனகசபாபதியின் அறை விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் கடையின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை பிரித்தால் மேலே இருப்பவர்களுக்குக் கண் கலங்கும். வந்தவர் துக்கத்தில் அழுகிறாரா, மிளகாய் நெடியில் அழுகிறாரா என்று சட்டென்று சொல்ல முடியாது. சோலைமலையின் கண்களும் சிவந்திருந்தன. ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றார்.

மூலையில் மாரிசாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். கனகசபாபதியின் மனைவிக்குத் தம்பி, தொழிலில் உதவியாளன். முன்பு வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். எடுத்துப் போனவர்கள் திருப்பித் தராத சைக்கிள்களைத் தேடி அலைந்துதான் துப்பறியும் தொழில் தனக்குப் பழகியது என்பான். எத்தனை சைக்கிள் கிடைத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

"அண்ணாச்சி, கடையைத் தூக்கிட்டுப் போனா சுவத்துல அடையாளம் இருக்குமே?" என்றான் அவன்.

சோலைமலை அவனை முறைத்துவிட்டு, "வந்து பாருங்க" என்று படியிறங்கினார்.

*

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை அறை. மில் பங்குகள் வாங்கவும் விற்கவும் ஆட்கள் அங்கே வருவார்கள். சோலைமலை ஆர்டரை வாங்கி மெட்ராஸுக்கு அனுப்புவார். அறையின் ஒரு சுவர் முழுக்க ஒரு பலகை. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நடுவில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு நீளக் கோடு. நாளுக்கு ஒரு குண்டூசி குத்தி, ஊசிக்கு ஊசி சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நூல் வெள்ளைக் கோட்டிலிருந்து கிளம்பி, கொஞ்சம் ஏறி, பிறகு சரசரவென்று சரிந்து, அடியில் கிடந்து மெல்ல மேலே ஊர்ந்துகொண்டிருந்தது.

"இது என்ன பாம்பு?" என்றான் மாரிசாமி.

"மார்க்கெட்டோட நாடி. ஒரு பங்கு விலையை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. மெட்ராஸ் பேப்பர்ல நாப்பது கம்பெனிக்கு விலை வரும். இன்னைக்கு எத்தனை ஏறுச்சு, எத்தனை இறங்குச்சுன்னு எண்ணணும். ஏறுனதுல இறங்குனதைக் கழிச்சு, மிச்சத்தை நேத்தைய கணக்கோட சேர்த்து ஊசி குத்தணும். இருபத்தஞ்சு ஏறி பதினஞ்சு இறங்கியிருந்தா நேத்தை விடப் பத்து மேல. போன வருஷம் சித்திரையில பலகை மாட்டுனன்னைக்கு வெள்ளைக் கோட்டுல ஆரம்பிச்சேன். ஐப்பசியில எல்லையில சண்டை வந்துச்சு, எல்லாம் சரிஞ்சிருச்சு."

"இப்போ?"

"கோட்டுக்கு இருநூத்திப் பன்னெண்டு கீழ." சோலைமலை அதை ஏதோ அசிங்கத்தைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். "சிவகாசியில ரத்தினசாமி இதே மாதிரி பலகை வச்சிருக்கான். எங்கிட்டக் கணக்கு எழுதிக்கிட்டிருந்த பய. எனக்குப் பலகை செஞ்ச ஆசாரியையே பிடிச்சு அதே அளவுல செஞ்சிருக்கான். அவன் நூலு கோட்டுக்குத் தொண்ணூத்தாறு மேல நிக்கி. என் கடைக்கு வந்துக்கிட்டிருந்த பட்டாசு முதலாளிக, தாயில்பட்டி வெள்ளைத்துரை உட்பட அம்புட்டுப் பேரும் அங்கன போயிட்டாக. விருதுநகர்ல மார்க்கெட் படுத்துருச்சாம், சிவகாசியில நல்லா இருக்காம்."

"ஒரே மெட்ராஸ் மார்க்கெட்தானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். வெள்ளைத்துரை கிளம்பும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. ரெண்டு நூலும் ஒரே மாதிரி ஏறி இறங்குதுன்னு. அதுல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை ஆள் அனுப்பி, அவன் கணக்கு எங்கன நிக்குதுன்னு பார்த்துட்டு வரச் சொன்னேன். எனக்கும் அவனுக்கும் வித்தியாசம் முந்நூத்தி எட்டு. ஒரு வாரம் கூட மாறலை. நான் பத்து ஏறுனா அவனும் பத்து. நான் நாலு இறங்குனா அவனும் நாலு. என் நூலைப் பார்க்காம எப்படிய்யா போடுவான்?"

"உங்க மனைவி மேல ஏன் சந்தேகம்?"

சோலைமலை தெருவைப் பார்த்தார். "ரத்தினசாமி ராமுத்தாய்க்கு அத்தை மகன். அவனுக்குத்தான் அவளைக் கொடுக்கிறதா இருந்துச்சு. எங்க கல்யாணத்தன்னைக்குப் பந்தியில ஓடியாடிப் பரிமாறுனதே அவன்தான். பதினோரு வருஷமா அதை நான் நினைச்சதில்லை. இப்போ அதைத் தவிர வேற நினைப்பு இல்லை. நான் ஊர்ல இல்லாத அன்னைக்கு நூல் போடுறது அவ. எங்கிட்டக் கத்துக்கிட்டதை அவனுக்குச் சொல்லி அனுப்புறா. நேருக்கு நேரே கேட்டேன். இல்லைன்னுட்டா. தெனமும் கேட்டேன். ஒரு வாரம் இருந்துட்டு, திருத்தங்கல்ல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. ஒரு மாசம் ஆச்சு. களவு இப்படித்தான்னு ருசுவாச்சுன்னா, அவ அங்கனயே இருந்துக்கிடட்டும்."

வெளியே வந்ததும் மாரிசாமி சொன்னான்: "அத்தான், இந்தாளுக்குத் துப்பறியிறவன் வேண்டாம். ஆமாம்ங்கிறவன்தான் வேணும்."

*

சிவகாசி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடை. கனகசபாபதி கை கழுவிவிட்டு வருவதற்குள் மாரிசாமி இலையில் வேலையைத் தொடங்கியிருந்தான். சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுகிறவர் கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணாச்சிக்கு மூணு. இவுகளுக்கு ஏழு."

"அஞ்சு" என்றான் மாரிசாமி.

"ஏழுய்யா."

"அத்தான் வந்து உட்கார்ந்ததுல இருந்து எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்? அஞ்சு."

"அவுக வாரதுக்கு முன்னாடி ரெண்டு தின்னீகளே, அதை யாரு எண்ணுவா?"

கனகசபாபதி கையைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மாரி, இன்னும் ஒண்ணு தின்னா உன் கணக்கு என்ன?"

"ஆறு."

"அவர் கணக்கு?"

"எட்டு. ஏன் அத்தான், இன்னொண்ணு சொல்லவா?"

"நீ பத்து தின்னாலும் உனக்கும் அவருக்கும் வித்தியாசம் ரெண்டுதான். அவரைப் பார்த்து நீ எண்ணலை. உன்னைப் பார்த்து அவரும் எண்ணலை. ரெண்டு பேரும் ஒரே இலையைப் பார்த்தீங்க. ஆரம்பிச்ச இடம்தான் வேற."

மாரிசாமி காலி இலையைப் பார்த்தான். "அப்போ அந்த முந்நூத்தி எட்டு..."

"களவுக்குச் சாட்சியே இல்லை. ஒரே பேப்பரைப் பார்த்து ரெண்டு யோக்கியன் எண்ணுனாலும் வித்தியாசம் மாறாது. ஆனா இதை வச்சு ரத்தினசாமி யோக்கியன்னும் சொல்ல முடியாது. பார்த்துப் போட்டிருந்தாலும் மாறாதே."

"அப்போ எதை வச்சுத்தான் சொல்றது?"

"வித்தியாசம் எங்கேயாவது மாறியிருக்கணும். ஒருத்தன் எண்ணிக்கை தவறுன நாள்ல ரெண்டாவது ஆளு என்ன பண்ணினான்னு பார்க்கணும். சேர்ந்து தவறியிருந்தா அவன் திருடன்."

கல்லாவில் ஏழுக்குத்தான் காசு வாங்கினார்கள்.

*

ரத்தினசாமியின் அறை ஒரு லித்தோ அச்சகத்தின் மாடியில். ஏணி வழியாக மையின் வாசம் ஏறி வந்தது. பலகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூல் வெள்ளைக் கோட்டிலிருந்து கிளம்பி மேலே மேலே போயிருந்தது.

கனகசபாபதி தான் யார் என்பதை மறைக்கவில்லை. ரத்தினசாமி ஆட்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நாற்பது வயது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"முதலாளி அனுப்பினாகளா? நான் மெட்ராஸ் பேப்பரைப் பார்த்துத்தான் போடுறேன். அவுக எந்தப் பேப்பரைப் பார்க்காகளோ அதேதான். நம்பமாட்டாக."

"தை மாசம் ஆரம்பிச்சிருக்கீங்க. ஏன் தை?"

ரத்தினசாமி கதவைச் சாத்தினார். "கார்த்திகையிலயே பலகை தயார். காத்துக்கிட்டிருந்தேன். முதலாளி நூலு தரையைத் தொடட்டும்னு. அவுக கடைக்கு எதுத்தாப்புல டீ குடிக்கிற சாக்குல வாரா வாரம் போயிப் பார்ப்பேன். இதுக்கு மேல இறங்காதுன்னு தோணுன அன்னைக்கு இங்கன என் கோட்டை வச்சேன்."

"பள்ளத்துல போயிக் கோடு போட்டா அப்புறம் எல்லாமே மேடுதான்" என்றான் மாரிசாமி.

"தப்பா? கணக்குல ஒரு புள்ளி பொய் இல்லை. அவுக நூல்ல ஏறுனதுதான் இங்கனயும் ஏறுது. பார்க்கிறவுக கோட்டைப் பார்க்காக, அது எங்கன ஆரம்பிச்சதுன்னு ஒருத்தரும் கேக்கிறதில்லை. நானாவும் சொல்றதில்லை." அவர் குரல் தணிந்தது. "அவுககிட்டக் கடை இருந்துச்சு, பேரு இருந்துச்சு, பலகை இருந்துச்சு. ராமுத்தாயும் இருந்தா. எனக்கு வீடு வாசல், புள்ளைக எல்லாம் ஆயிப் போச்சு. ஆனாலும் அவுக கடையில குனிஞ்சு கணக்கு எழுதும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ள என்னமோ எரியும். எங்கிட்ட இருந்தது ஒரு பூஜ்ஜியம்தான் சார். அதை எங்கன வைக்கணும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன்."

"ராமுத்தாய் ஏதாவது சொல்லி அனுப்புவாங்களா?"

"அவ எங்கிட்டப் பேசி ஏழெட்டு மாசம் ஆச்சு. நான் வேலையை விட்டு நின்ன அன்னைக்கு, அவுகளுக்குப் போட்டியா எதுவும் செய்யாதேன்னா. செஞ்சேன். பேச்சை விட்டுட்டா."

கனகசபாபதி கீழே அச்சகத்திலிருந்து நீளமான டிரேசிங் பேப்பர் ஒன்று கேட்டு வாங்கினார். லேபிளுக்குப் படம் நகலெடுக்கும் கண்ணாடி போன்ற தாள். அதை ரத்தினசாமியின் பலகை மேல் விரித்து, நூலின் மேடு பள்ளம் ஒன்றையும் விடாமல், தேதிகளோடு பென்சிலால் இழுத்துக்கொண்டார். மாரிசாமி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

*

விருதுநகர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சோலைமலை கடையில் ஒரு வாடிக்கையாளரும் இல்லை.

"ருசு கிடைச்சுதா?"

"கிடைக்கும். உங்க பலகையைத் தொடலாமா?"

கனகசபாபதி டிரேசிங் பேப்பரைத் தேதிக்குத் தேதி பொருத்தி, பலகை மேல் வைத்தார். பென்சில் கோடு சிவப்பு நூலுக்கு வெகு உயரத்தில் நின்றது. தாளை மெல்லக் கீழே நகர்த்தினார். நேற்றைய ஊசியின் மேல் கோடு வந்து உட்கார்ந்ததும் நிறுத்தினார். ஆடி மாதம் முழுக்க நூல் கோட்டுக்குள் ஒளிந்துகொண்டது.

"பார்த்தீகளா? அச்சுல வார்த்த மாதிரி" என்றார் சோலைமலை. அவர் முகத்தில் ஒரு கசப்பான திருப்தி.

"இடது பக்கமும் பாருங்க."

ஆனி மாதக் கடைசிவரை பின்னால் போனால் கோடும் நூலும் ஒன்று. அங்கே ஒரு இடத்தில் இரண்டும் பிரிந்தன. அதற்கு முந்தைய நாட்களில், தை வரைக்கும், நூல் கோட்டுக்கு இரண்டு விரற்கடை உயரத்தில் தனியாக ஓடியது. கனகசபாபதி தாளை அந்த இரண்டு விரற்கடை மேலே தள்ளினார். இப்போது தை முதல் ஆனி வரை பொருந்தியது, ஆடி பிரிந்தது.

"வித்தியாசம் முந்நூத்தி எட்டா ஆனது இங்கேதான். அதுக்கு முன்னாடி பதினெட்டு குறைவு. நீங்க ஆள் அனுப்ப ஆரம்பிச்சது இந்த நாளுக்கு அப்புறம், அதனால உங்களுக்குத் தெரியலை." அவர் விரல் ஒரு ஊசியில் நின்றது. "ஒரு வெள்ளிக்கிழமை. அன்னைக்கு ரத்தினசாமி நூல் ஒம்பது ஏறியிருக்கு. உங்க நூல் ஒம்பது இறங்கியிருக்கு. மாரி, அன்னைக்குப் பேப்பரைத் தேடு."

மாரிசாமி அடுக்கிலிருந்து உருவி எண்ணினான். ஒருமுறை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினான். "ஏறுனதுதான் ஜாஸ்தி அத்தான். ஒம்பது மேல. சிவகாசிதான் சரி."

"உங்க பலகையில தப்பு விழுந்திருக்கு. ரத்தினசாமி இதைப் பார்த்துப் போட்டிருந்தா, இதே தப்பு அவர் பலகையிலயும் விழுந்திருக்கணும். விழலை. அவர் உங்க நூலைத் திருடலை. உங்க வீட்டுல இருந்து யாரும் அவருக்கு எதையும் கொடுக்கலை."

சோலைமலை அந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு நூல் போட்டது யாரு?"

"நான் அச்சங்குளத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன்" என்றார் சோலைமலை. "அவதான்."

"திரும்பி வந்து சரி பார்க்கலையா?"

"அவ கணக்கை நான் சரி பார்த்ததே இல்லை. பதினோரு வருஷத்துல ஒரு தடவை கூடத் தவறுனதில்லை."

"ரத்தினசாமிக்குச் சொல்லி அனுப்புறியான்னு முதல் தடவை நீங்க கேட்டது என்னைக்கு?"

சோலைமலை விரல் விட்டு எண்ணினார். "அதுக்கு முந்தின நாள். வியாழக்கிழமை சாயங்காலம்."

மாரிசாமி பேப்பரை மடித்துவைத்தான். அவனுக்கே விளங்கிவிட்டது. கேலி செய்யத் தோன்றவில்லை.

*

திருத்தங்கல்லில் அண்ணன் வீட்டு முற்றத்தில் ராமுத்தாய் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கணவர் வாசலில் நிற்பதைப் பார்த்தும் கை நிற்கவில்லை. கனகசபாபதி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"ஆமா. தலைகீழாப் போட்டது நான்தான்" என்றாள். "இல்லைன்னு சொன்னா அவுக நம்பமாட்டாக. அதான் வேணும்னு தப்பாப் போட்டேன். ரத்தினசாமி என்னைக் கேட்டுப் போடுறவனா இருந்தா அவன் நூலும் இறங்கும். அவனாப் போட்டா ஏறும். மறுநாள் சனிக்கிழமை, ஆள் போயிப் பார்த்துட்டு வந்தான். கடைசிக் கணக்கை மட்டும் கேட்டுட்டு வந்து சொன்னான். வெள்ளிக்கிழமை ஊசி எங்கன இருக்குன்னு அவனும் பார்க்கலை, இவுகளும் கேக்கலை."

"அக்கா, அதுக்காக ஒரு மாசமா இவுகளைப் பதினெட்டு பள்ளத்துல தள்ளி வச்சிருக்கீக" என்றான் மாரிசாமி.

"ஏற்கனவே கிடந்த பள்ளத்துக்கு அது ஒரு பள்ளமா?"

சோலைமலை முதன்முறையாக வாயைத் திறந்தார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். இல்லைன்னு சொன்னேன்." அவள் ஒட்டிய பெட்டியை வெயிலில் வைத்தாள். "பார்ப்பீக, பார்ப்பீகன்னு ஒரு வாரம் இருந்தேன். காலையில எந்திரிச்சதும் அந்தப் பலகை முன்னாடிதான் நிப்பீக. ஆனா உங்க நூலை நீங்க பார்க்கவே இல்லை. சிவகாசியில எம்புட்டு ஏறுச்சுங்கிறதுதான் உங்க கண்ணுக்குள்ள நின்னுச்சு. பக்கத்துல நிக்கிற என்னையே தெரியலை, நூலா தெரியப் போகுது?"

அண்ணன் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். யாரும் எடுக்கவில்லை.

"வீட்டுக்கு வா" என்றார் சோலைமலை.

"வாரேன். அதுக்கு முன்னாடி சிவகாசிக்குப் போங்க. அவன் கடைக்கு ஆள் அனுப்பி வேவு பார்த்தீகள்ல, இப்போ நீங்களே போங்க. உன் மேல களவுப் பட்டம் கட்டுனது என் தப்புன்னு அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம். என்கிட்டச் சொல்றது உங்களுக்கு லேசு."

"அவன் முன்னாடி போயி நானா?"

"நீங்கதான்."

அவர் முகம் கறுத்தது. மனைவி மேல் சந்தேகம் விட்டுப் போயிருந்தது. ரத்தினசாமி மேல் இருந்த வயிற்றெரிச்சல் போகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அவள் அடுத்த தாளை எடுத்துப் பசை தடவ ஆரம்பித்தாள்.

சோலைமலை செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பஸ் நிற்கும் வேப்பமரத்தடி வரை கனகசபாபதியும் மாரிசாமியும் கூட நடந்தார்கள். எதிர்ப்பக்கம் விருதுநகர் பஸ் வந்து நின்றது. சோலைமலை அதையே பார்த்தார். அது புறப்பட்டுப் போகிறவரை மாரிசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு சிவகாசி பஸ் வந்தது. சோலைமலை ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க போனப்போ அவன் கடையில கூட்டம் எம்புட்டு இருந்துச்சு?"

கனகசபாபதி பொய் சொல்லியிருக்கலாம். "நல்ல கூட்டம்தான்" என்றார்.

சோலைமலை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இறங்கிவிடுவார் என்றுதான் மாரிசாமி நினைத்தான். கண்டக்டர் வந்து நின்றதும் அவர் மடியை அவிழ்த்து, "சிவகாசி ஒண்ணு" என்றார். பஸ் கிளம்பியது.